பஸ்ஸுக்குப் போகாத நடை

பெப். 9, திங்கள்

பனி. தேயிலைச் செடியெல்லாம் வெள்ளை. இன்றும் நடந்தேன்.

ஆஸ்துமாவுக்கு நடக்கச் சொன்ன கிளினிக் டொக்டரின் விதிகள், மறப்பதற்குள்: நடப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே பம்ப். முதலில் மெதுவாக, உடம்பு சூடாகட்டும். குளிரில் மூக்கையும் வாயையும் மூடிச் சால்வை. பம்ப் கூடவே. இழுப்பு வந்தால் உடனே நிற்க.

ஒன்றும் சரியாகச் செய்வதில்லை. அம்மாவும் மற்றவர்களும் கூடையோடு மலை ஏறும் நேரத்தில், பட்டம் வாங்கி வேலை கிடைக்காத நான் சும்மா நடப்பதா? அதனால் கையில் சான்றிதழ் ஃபைல். அயர்ன் பண்ணிய சல்வார். வேலையாகப் போகிறவளின் வேகம். அப்படிப் போகிறவள் நடுவில் நின்று மூச்சு வாங்க முடியாது.

கோதுமை மா வாங்க மறந்தேன்.

பெப். 10, செவ்வாய்

எழுதவே கூச்சம்.

பெரட்டுக்களத்தில் காலை வேலைக்குப் பெண்கள் பேர் போட நின்றார்கள்; அம்மா இன்னும் வரவில்லை. லயத்தில் பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா ஃபைலைப் பார்த்துவிட்டார்.

“எங்க பாப்பா, இன்டர்வியூவா?”

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

“அடியே, பஸ்ஸு வந்துருச்சு! ஓடு, ஓடு!”

ஒருத்தி கொழுந்துச் சாக்கை வீசி பஸ்ஸை நிறுத்தினாள். “நம்ம லயத்துப் புள்ளைக்கு இன்டர்வியூ!” கண்டக்டரும் வாசலில் தொங்கியபடி, “நங்கி, இக்மனட்ட!” என்று சிங்களத்தில் அவசரப்படுத்தினார். ஓடினேன். மேட்டில். சால்வை கழுத்தில். பம்ப் அடிக்காமல்.

ஏறியதும் நெஞ்சு பூட்டிக்கொண்டது. விசில் சத்தம் என்னிடமிருந்துதான். பம்ப் பையில். பஸ் முழுக்கத் தெரிந்த முகங்கள். அம்மாவின் கட்டளை வேறு: “வெளிய எடுக்காத. இழுப்புக்காரின்னு பேராயிரும். அப்புறம் எவன் கட்டுவான்?” கையே போகவில்லை. அடுத்த வளைவில் பெல் அடித்தேன்.

“இங்க என்னடி இன்டர்வியூ? தேயிலதானே நிக்குது!” பின்சீட்டில் சிரிப்பு.

பஸ் மறைந்த பிறகுதான் பம்ப். மதகில் உட்கார்ந்து. மூச்சு திரும்ப வெகு நேரம். செத்திருப்பேன், வெட்கத்தில்.

பெப். 11, புதன்

தூறல். நடக்கவில்லை.

அம்மா கொழுந்து எடை போட்டுவிட்டு வந்தார். “மல்லிகா எல்லாருக்கும் சொல்லிட்டா. கங்காணிகூட கேட்டாரு, எந்த ஆபீசுன்னு.” முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சோற்றுத் தட்டைக் கீழே வைத்தேன். சொல்லிவிட்டேன். நடை, ஃபைல், பஸ், இழுப்பு, எல்லாம்.

அம்மா அடுப்பில் விறகைத் தள்ளினார்.

“நாங்க சுமந்து ஏறுறது ஒனக்கு வெக்கமா?”

“அது இல்லம்மா. நான் சும்மா நடக்குறத நீங்க பாக்குறதுதான்.”

அம்மா அடுப்பை அணைத்தபடி, “நாளைக்குப் பெரட்டுல நான் என்னத்தச் சொல்ல?”

“நானே சொல்றேன்.”

பெப். 12, வியாழன்

மறுபடி பனி. வீட்டிலேயே பம்ப். சால்வை மூக்கு வரை. ஃபைல் இல்லை.

பெரட்டுக்களத்தில் போய் நின்றேன். “இன்டர்வியூ இல்லக்கா. எனக்கு இழுப்பு. டொக்டர் நடக்கச் சொன்னாரு.” சால்வைக்குள் குரல் எனக்கே கேட்கவில்லை. என்ன என்றார்கள். சால்வையை இறக்கி மறுபடி சொன்னேன்.

மல்லிகா அக்காவின் முகம் விழுந்துவிட்டது. “நான் சாமிக்கு வேற நேந்துக்கிட்டேனேடி.”

யாரோ, “நடக்கணும்னா கூடையத் தூக்கிட்டு எங்ககூட வா!” ஒரே சிரிப்பு. அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

காது எரிய, மெதுவாக ஏறினேன். பாதி மேட்டில் நெஞ்சில் லேசான இறுக்கம். கீழே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நின்றேன்.