வியாழக்கிழமை வகுப்புக்கு ஒரு பெயர்

தூத்துக்குடி

அன்பு மகள் விஜிலாவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், சண்டிகர் குளிரில் நீயும் சுகமாக இருந்து டாக்டர் படிப்பை நல்லபடி முடிக்க வேண்டுகிறோம். போனை நான் எடுத்தால் அம்மாட்ட குடுங்க என்று சொல்லிவிடுகிறாய், அதனால்தான் காகிதம். அம்மா நெத்திலிக் கருவாடு காயப்போட்டிருக்கிறாள், பார்சல் வரும், ஹாஸ்டல் முழுக்க மணக்கும், என்னைத் திட்டாதே. லாரி ஓடுகிறது, துறைமுக வாசலில் கன்டெய்னரோடு வரிசையில் நின்று நின்று எனக்கும் பொறுமை வந்துவிட்டதாக அம்மாவே சொல்கிறாள்.

பெரிய சேதி என்னவென்றால், நான் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டேன். சிரிக்காதே. குடியை விட்டு நாலு வருஷம் ஆகிறதல்லவா, எனக்கு வைத்தியம் பார்த்த சிவசுப்பிரமணியன் டாக்டர்தான் கூப்பிட்டார். குடி நோயாளிகளைக் கண்டால் படிக்கிற பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள், நீங்கள் வந்து பேசினால் மாறும் என்றார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் நூறு பிள்ளைகளும் குட்மார்னிங் சார் என்று எழுந்து நின்றார்கள், யார் வந்தது என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன், பயம் போய்விட்டது. பிறகு, முன்பு வயிற்று வலியோடு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போன கதையைச் சொன்னேன். இது குடிகாரக் கேஸு, ஓரமாப் போடு என்றார்கள், மூன்று மணி நேரம் ஒருவரும் கிட்ட வரவில்லை, அந்த வெட்கத்தில் இரண்டு வருஷம் எந்த டாக்டரிடமும் போகாமல் இன்னும் அதிகமாகக் குடித்தேன். முன் வரிசையில் சுஜிதா என்று ஒரு பெண், உன் வயதுதான், அன்னைக்கு உங்கள என்ன கேட்டிருக்கணும் அய்யா என்றாள். சாப்பிட்டீங்களான்னு கேட்டிருந்தா போதும் தாயி, ஊருல எல்லாரையும் கேக்காங்க, குடிச்சவன மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க என்றேன். அந்தப் பிள்ளை அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

அன்றைக்கு என் பெயரைச் சொல்லவில்லை. இந்த மாதக் கடைசி வியாழக்கிழமை மறுபடி பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், அந்த வகுப்பை வீடியோ எடுத்து மற்ற கல்லூரிகளுக்கும் அனுப்பப் போகிறார்களாம், பெயர் சொல்வீர்களா என்று டாக்டர் கேட்டார். என் மகளைக் கேட்க வேண்டும் என்றேன். அப்பா கப்பலில் இருக்கிறார் என்று உன் சிநேகிதிகளிடம் சொல்லி வைத்திருக்கிறாயாம், அம்மா சொன்னாள். கோபமில்லை ஏளா மகளே, லாரிக்காரனைக் கப்பலில் ஏற்றிவிட்டாய், பிரமோஷன்தானே. உன் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நான் குடித்து விழுந்து கிடந்ததை மறந்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. நீ வேண்டாம் என்றால் பெயரில்லாமலே பேசிவிட்டு வருவேன், வருத்தப்பட மாட்டேன். இல்லை, வருத்தம் இருக்கும், ஆனாலும் பேசுவேன்.

மாதா உனக்குத் துணையிருக்கட்டும். ஸ்வெட்டர் போடாமல் வார்டுக்குப் போகாதே. அந்த வியாழக்கிழமைக்குள் போன் பண்ணு, நான்தான் எடுப்பேன், அம்மாவிடம் கொடுக்க மாட்டேன். பெயரைச் சொல்லுங்கள் என்று சொல்ல உனக்கு வாய் வராவிட்டால், சாப்பிட்டீங்களாப்பா என்று மட்டும் கேள், எனக்குப் புரிந்துவிடும்.

இப்படிக்கு,
கப்பலை விட்டு இறங்கக் காத்திருக்கும் உன் அப்பா,
ரோச்