ஓரத்துக் குழி

லியோன்,
ஞாயிறு

அன்புள்ள உங்களுக்கு,

தவளக்குப்பத்தில் வாங்கிய மருந்தில் இருமல் நின்றதா? ஓவியா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. செல்லுக்குள் உருவாகும் புரதம் வெளியே போகாமல் தடுக்கும் மூலக்கூறைத் தேடுகிறோம் அல்லவா? புரதத்தை ஒளிரவைத்திருக்கிறோம், வெளிச்சம் உள்ளேயே தங்கினால் மூலக்கூறு வேலை செய்கிறது என்று பொருள். செல்களைக் குழி குழியாக வளர்க்கும் என் ஆய்வகத் தட்டின் ஓரத்துக் குழி ஒன்றில் அப்படித் தங்கியிருந்தது. ஓரத்துக் குழிகள் சீக்கிரம் காய்ந்து பொய் சொல்லும் என்று நானே அதை ஒதுக்கிவிட்டேன். பக்கத்து மேசை அமேலி மறுபடி செய்து பார்த்தாள். உண்மைதான். இப்போது எல்லோருக்கும் அது ‘அமேலியின் மூலக்கூறு’. செல்களை மூன்று வாரம் வளர்த்தவள் நான். கைகுலுக்கிச் சிரித்தேன்.

அது கிடக்கட்டும். நேற்று வீடியோவில் எதிர்வீட்டுச் சரிதா ஓவியாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். “சரிதாக்கா பின்னுனா வலிக்கவே மாட்டேங்குதும்மா” என்றாள் உங்கள் மகள். சரிதா நல்ல பெண்தான்.

வடகம் தீர்ந்துவிட்டது, யாராவது வந்தால் கொடுத்தனுப்புங்கள். நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், டிராம் வந்துவிட்டது.

நாளையிலிருந்து அவளுக்கு நீங்களே பின்னிவிடுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. கொஞ்சம் வலிக்கட்டும்.

அமுதவல்லி