கல்லில் ஊரின் பெயர்

அன்புள்ள தங்கச்சி சிவகௌரி அறியவும்,

உங்கள் அனோஜன் என் கடையிலேதான் விழுந்தார். வெங்காய மூட்டையை இறக்கிவிட்டு, "அண்ணை, கொஞ்சம் இருக்கிறன்" என்று கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்தான். இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். வேதனைப்பட்டாரோ என்று கேட்டீர்கள். இல்லை. இதில் நான் பொய் சொல்லமாட்டேன்.

செத்தவீட்டுக்கு வர உங்களுக்கு விசா மறுத்துவிட்டார்கள். படகில் இந்த நாட்டுக்கு வந்தவரின் மனைவி திரும்பிப் போகமாட்டார் என்று நினைத்தார்களாம். கடைசியாக அவர் உடுத்தியிருந்தது நீங்கள் அனுப்பிய வேட்டிதான். செத்தவீட்டைப் போனில் பார்த்த உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்காது.

கடைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டேன். மூட்டை இறக்க ஆள் வேண்டும். பிழையாக நினைக்கவேண்டாம்.

என் மகள் வினுஷா பள்ளிக்கூடத்தில் பழைய கிரேக்கச் சரித்திரம் படிக்கிறாள். ஒருநாள் கடையில் இருந்து எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். ஏதென்ஸ் நகரில் மேலே குடிமக்கள், அடியில் அடிமைகள். இடையில், வெளியூரிலிருந்து வந்து குடியிருந்தவர்கள். யாவாரம் செய்யலாம், வரி கட்டவேண்டும், சண்டைக்கும் போகவேண்டும். காணி வாங்க முடியாது, சபையில் வாய் திறக்க முடியாது. அவர்களுக்குக் குடிமகன் ஒருவன் பொறுப்பு நிற்கவேண்டும். அனோஜன் வெண்டிக்காய் பொறுக்கிப் போட்டுக்கொண்டே சிரித்தார். "அப்ப பிள்ளை, அங்கயும் எனக்கு இந்தத் தற்காலிக விசாதான். உன்ர அப்பாதான் என்ர பொறுப்பாளி."

பிறகு, "செத்தா?" என்று கேட்டார். நகர வாசலுக்கு வெளியே வீதியோரம் கல் நடுவார்களாம். ஆளின் பெயரும், வந்த ஊரின் பெயரும் வெட்டுவார்களாம் என்று வினுஷா சொன்னாள். "அது காணும், அவ்வளவு போதும்" என்றார்.

அதனால்தான் பாதிச் சாம்பலை இங்கே வைக்கக் கேட்டேன். யாவாரி, பேரம் பேசிப் பழகிவிட்டேன். நீங்கள் கத்தவில்லை. "அண்ணை, ஆளை வேண்டாமெண்ட நாட்டுக்குச் சாம்பலில பாதி என்னத்துக்கு?" என்று மட்டும் கேட்டீர்கள்.

சாம்பலைக் கடலில் கரைக்கக் கீரிமலைக்குத் தனியப் போகவேண்டாம். தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள். வெறும் வயிற்றோடு போகவும் வேண்டாம்.

பேசி முடித்தபடியே செய்கிறேன். சாம்பல் முழுவதும் உங்களுக்கு. இந்தக் கடிதத்தோடு என் மனைவி ராதா கொண்டுவருகிறா. கல் மட்டும் இங்கே, மயானத்தில். பெயரும் ஊரும் வெட்டுவிக்கிறேன்: அனோஜன், முழங்காவில். கல்லுக்குக் கீழே ஒன்றும் இராது.

உங்கள் சகோதரன்,
சிறிதரன்