எண்ணூற்று ஐம்பதில் ஓடுகிறது

12.8.2001, ஞாயிறு

நானே பாகம் பாகமாக மாட்டிய புதுக் கம்ப்யூட்டர், மூன்று நாளாகத் திரையைக் காட்டாமல் பீப் பீப் என்று கத்தியது. 566 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய பிராசசரை நான் 850-க்கு ஏற்றியதுதான் காரணம் என்று வீட்டுக்காரர் சாதித்தார். "ஏட்டி, கூட்டாதேன்னு சொன்னம்லா? கருக்கிட்டியே!" உள்ளே போர்டில் சுவிட்சைத் தள்ளி வேகத்தைக் குறைத்தும் பார்த்தேன், அதே கத்தல்.

இன்று ராம் ஸ்டிக் என்னும் மெமரி அட்டையைக் கழற்றினேன். அதன் தங்கநிறப் பற்களில் காய்ந்த சந்தனம், குங்குமம்! மாட்டும் முன் ஒவ்வொரு பாகத்துக்கும் பொட்டு வைத்தவர் இவர்தான். பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். ஒரே ஒரு பீப், திரை வந்துவிட்டது. மறுபடி 850-க்கு ஏற்றி, நான் டிசைன் செய்யும் தீப்பெட்டி லேபிள் நான்கையும் ஒன்றாகத் திறந்தேன். கம்ப்யூட்டர் திணறவில்லை.

"சாமி காப்பாத்திட்டாரு பாத்தியா?" என்று சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

கேபினெட்டை மூடி, ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுச் சொன்னேன்: "இனுமே வெளிய வைங்க."