மணலில் கிடந்த சிப்பி

கடலடி நிலையம், வேம்பாறு. பதிவு: பிரிசில்லா, ஆய்வாளர்.

12 மார்ச் 2117, காலை 6.40

நீர் தெளிவு. நிலையத்தில் கோளாறு எதுவும் இல்லை. மணல்திட்டில் ஒரு வெற்றுச் சிப்பி. தடித்த, பெட்டி போன்ற ஓடு. முடிச்சு முடிச்சாக வரிகள். இரு ஓடும் இணையும் நேரான கீலில் சீப்புப் பற்கள். இரத்தச் சிப்பியேதான். அழிந்துவிட்டதென்று எல்லோரும் கைகழுவிய இனம்! வாழிடம் மணல் என்று கரைக்கு அனுப்பிவிட்டேன். அது வாழும் இடத்தை விட்டுவிட்டு மறுபக்கத்துச் சேற்றுத் திட்டைத்தான் கடற்சுவருக்காகச் சிமெண்டால் நிரப்புவார்கள்.

கரைக் கட்டுப்பாட்டிலிருந்து தஸ்நேவிஸ் அண்ணன்: "சபாஷ்மா! அப்ப மணலத் தொடல. சேத்துப் பக்கம் எந்திரத்த எறக்கச் சொல்லுதேன். ஆபீஸே ஒன்னப் பத்தித்தான் பேசுது."

காலை 8.15

ஓட்டைக் கழுவினேன். ஓரம் மழுங்கியிருக்கிறது. உள்ளே பாசி. கீலின் பற்களுக்கிடையே கறுப்புச் சேறு.

சேற்றுப் பக்கத்திலிருந்து அலை உருட்டிவந்த ஓடு. செத்த ஓடு கிடக்கும் இடம் வீடாகாது என்பது முதல் வருடப் பாடம். கரைக்குச் சொல்லவில்லை. இன்னொரு முறை உறுதி செய்துகொள்ளலாம்.

நண்பகல்

சேற்றில் கைவிட்டேன். உயிருள்ளவை, நெருக்கமாக, கை நிறைய. ஒன்று லேசாகத் திறந்தது. உள்ளே சிவப்பு.

எப்படிச் சொல்வது? ஐந்து முறை எழுதி அழித்தேன். ஐந்திலும் என் தப்பு தெரியாதபடிதான் எழுதியிருந்தேன். சீ.

பிற்பகல் 2.30

அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

"ஏம்மா, காலைலயே ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? எறக்கியாச்சே! ஊத்த ஆரம்பிச்சா அது நம்ம பேச்சக் கேக்காது. முன்னால மனுச இதயம் துடிச்சாத்தான் நிக்கும். கையால நிப்பாட்ட ஆளு படகுல கெளம்பிட்டு. வந்து சேர சாயங்காலம் ஆயிரும்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

3.10, நீர்மூழ்கிக் கவசத்திலிருந்து குரல்பதிவு

சேற்றில் நிற்கிறேன். எந்திரம் எதிரே வந்து நின்றுவிட்டது. அதன் பின்னால் பாதித் திட்டு சிமெண்ட் மூடி வெள்ளையாகிவிட்டது. அங்கே இருந்தவை... காலையில் வாயைத் திறந்திருந்தால்...

நண்பகலில் போட்ட அதே காற்றுக்கலம். மாற்ற மறந்து ஓடிவந்திருக்கிறேன். மாற்றப் போனால் எந்திரம் நகரும்.

4.00

காற்றுமானியின் முள் சிவப்பில். அண்ணன் கேட்கிறார்: "காத்து இருக்காம்மா? மறைக்காமச் சொல்லு. இல்லன்னா இப்பமே வெளிய வந்துரு, கும்புடுதேன்."

நிறைய இருக்கிறது அண்ணே, என்றேன். இன்று அவரிடம் சொன்னவற்றில் இதற்கு மட்டும் எனக்குக் கூசவில்லை.