இரண்டும் தொண்ணூறும்

தாரண வருஷம், தை 12
கட்டம்போட்ட உருமால் துணி எல்லாம் ஏற்றி முடிந்தது. அங்கமுத்துவின் படகு அலை தாண்டி ஒன்பது நடை போய்வந்தது. கப்பல் மேல்தட்டில் ஜான் துரை மொத்தத்தை அவருடைய ஒல்லாந்து பாஷையில் கத்த, நான் எழுதினேன். பாதி குரல், பாதி காற்று. ஆனாலும் கோட்டையில் என் எழுத்தை யாரும் சந்தேகப்பட்டதில்லை. இதை வீட்டில் சொன்னால் செல்வம்மாள், "பெரும பீத்தக்கலம்" என்கிறாள்.

தை 13
அங்கமுத்துவைக் கோட்டையில் அடைத்துவிட்டார்கள். செல்வம்மாளின் ஒரே தம்பி, என் மச்சான். கரையில் எண்ணியது 10,492. கப்பலில் நான் எழுதியது 10,429. அறுபத்துமூன்று உருமால் படகிலேயே திருட்டுப் போனதாம். பதினாறாம் தேதி கப்பல் கிளம்பும்போது அவனையும் ஏற்றிச் சாவகத் தீவுக்கு அனுப்பிவிடுவார்களாம். போனவன் எவன் திரும்பியிருக்கிறான்?

"கோவணத்தோட அலையில நிக்கறவன், உருமால வச்சி இன்னாய்யா பண்ணுவான்?" என்று அழுகிறாள்.

தை 14
அடுப்பு பற்றவைக்கவில்லை.

தை 15
அறுபத்துமூன்று, அறுபத்துமூன்று என்று வாய் ஓயவில்லை. ஏழொன்பது அறுபத்துமூன்று. சும்மா இரண்டு எண்ணின் இலக்கங்களையும் கூட்டிப் பார்த்தேன். இதற்கும் பதினாறு, அதற்கும் பதினாறு. அதே ஐந்து இலக்கங்கள்தான். கடைசி இரண்டு மட்டும் இடம் மாறி நிற்கின்றன. வேறு எண்களையும் மாற்றிப் பார்த்தேன். 41, 14 — வித்தியாசம் இருபத்தேழு. 83, 38 — நாற்பத்தைந்து. எதை மாற்றினாலும் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடுகிறது. திருடன் ஒன்பது ஒன்பதாக எண்ணியா எடுப்பான்?

அப்புறம்தான் உறைத்தது. ஒல்லாந்தர் தொண்ணூற்றிரண்டு என்று சொல்வதில்லை. 'இரண்டும் தொண்ணூறும்' என்பார்கள். ஏழு வருஷமாக மனசுக்குள் திருப்பிப் போட்டுத்தான் எழுதுகிறேன். அன்னிக்கு — கேட்ட வரிசையிலயே எழுதிட்டேன். பாவி, நான்தான். இந்தக் கைதான்.

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவன் போவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருந்தும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். செல்வம்மாளிடம் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"எய்ந்து போய்யா மொதல்ல" என்றாள்.

தை 16
சொல்லிவிட்டேன். ஜான் துரை முகம் சிவக்கத் திட்டினார். ஆனால் மறுபடி எண்ண வைத்தார். ஓர் உருமாலும் குறையவில்லை.

கப்பல் அங்கமுத்து இல்லாமல் போனது. அதன் பாய் மறையும்வரை கரையில் நின்றேன். அப்பாடா! வெளியே வந்தவன் என்னைக் கட்டிக்கொண்டான். பிசகு யாருடையது என்று அவனுக்கு அப்போது தெரியாது. நானே சொன்னேன். கையை எடுத்துக் கோவணத்தை இறுக்கிக் கட்டினான். பிறகு பசிக்கிறது என்றான்.

எழுத்து வேலை போயிற்று. நாளையிலிருந்து மூட்டை கட்டும் கொட்டகையில். போகட்டும்.

தை 22
வீட்டில் மடவை மீன் குழம்பு. அங்கமுத்து மூன்றாம் முறை சோறு கேட்டான். இவனுக்குப் பெண் பார்க்க வேண்டுமே என்று, "வயசு என்னடா உனக்கு?" என்றேன்.

"இருவத்திமூணு மாமா. நீ எய்துனா முப்பத்திரெண்டு. பொண்ணு வூட்ல நீ வாயே தொறக்காத."

செல்வம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. பத்து நாளாயிற்று, அவள் சிரித்து.

மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். ஒன்பதுதான்.