நாத்தனார் பெயர் இல்லாத புகார்

மச்சான்,

மாப்பிள்ளை வீட்டார் திருப்பி ஒப்படைத்த உங்கள் மகளின் சீர் பீரோவை இன்று மகளிர் காவல் நிலையத்திலிருந்து குட்டியானை வண்டியில் கொண்டுவந்தோம். இறக்கியது நான் ஒற்றை ஆளாக. கூட நாலு பேர் கை வைத்தார்கள், அதைச் சொல்வானேன். கதவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாடை. கண்ணாடியில் இரண்டு ஸ்டிக்கர் பொட்டுகள்: சிவப்பு நம் பெண்ணுடையது, கறுப்பு அவள் நாத்தனாருடையது. யாரோ இருவர் உள்ளிருந்து பார்ப்பதுபோல இருந்தது. சட்டென்று மூடிவிட்டேன்.

நம் பெண் கன்னத்தில் விரல் தடத்தோடு வந்து நின்ற நாள் நினைவிருக்கிறதா? "பைக்கு வாங்கிக்கினு வந்தாத்தான் வூடுன்னு அடிச்சாருப்பா. நாத்தனாருதான் பின்கதவத் தொறந்து பஸ் ஏத்தி வுட்டுது" என்றாள்.

ஐந்தாவதோடு நின்றாலும் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவன் நான். புகார் எழுதும்போது ஏட்டம்மாவே என் பேச்சில் மயங்கிப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மாப்பிள்ளை, மாமியார், மாமனார், நாத்தனார், வெள்ளிமலையில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாப்பிள்ளையின் பெரியப்பா என்று வரிசையாகச் சொன்னேன்.

"அவரு இன்னாய்யா பண்ணாரு?" என்றீர்கள்.

"எல்லாரையும் சேத்தாத்தான் மச்சான் கேஸு நிக்கும். ஊர்ல அப்பிடித்தான் எழுதுறாங்க."

"அடிச்சவன எழுது. அத்தோட நிறுத்து. பொய்யச் சேத்தா எம்பொண்ணு அழுததும் பொய்யாயிடும்."

புகாரில் மாப்பிள்ளை பெயர் மட்டுமே நின்றது. கேஸ் தோற்றுவிடும் என்று வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். விசாரணை தொடங்கும் முன்பே நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள்.

போன வாரம் கள்ளக்குறிச்சி கோர்ட்டில் அந்த நாத்தனார் சாட்சிக் கூண்டில் ஏறினாள். அண்ணன் முறைத்துக்கொண்டே நின்றான்.

"உங்க அண்ணனுக்கு எதிரா சொல்றீங்களாம்மா?" என்றார் அவன் வக்கீல்.

"பாத்தத சொல்றேங்க. எங்கண்ணந்தான் அடிச்சுது. எம்பேர இழுக்காதவங்களுக்கு எதிரா நான் எப்பிடிங்க பொய் சொல்லுவேன்?"

தீர்ப்பு இன்னும் வரவில்லை. நம் பெண் மட்டும் அன்று முதல்முறையாகத் தலை நிமிர்ந்து வெளியே வந்தாள்.

வாசல் டீக்கடையில் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். "நாத்தனார் பேர வுட்டது யாரு யோசனைன்னு நெனைக்கிறீங்க..." என்று நெஞ்சை நிமிர்த்தினேன். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். நான் அளக்கும்போதெல்லாம் நீங்கள் செருமுவீர்களே, அதே செருமல்.

"எங்க மச்சான் யோசனை" என்றேன்.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்தச் செருமலும் இனி கேட்காமல் போய்விடுமோ என்று பயம்.